சீனி உருண்டையும் நீலப் பம்ப்பும்

டொக்டரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

தடிமனுக்கெல்லாம் அன்டிபயோட்டிக் கேட்டு டொக்டர்மாரை நெருக்க வேண்டாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: அப்படியென்றால் ஹோமியோபதி எடுக்கலாமா? கொழும்பில் மழை தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு இருமல்தான், கேட்பதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர்கள் வேண்டாம், இடம் மட்டும் போதும்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நேர்சரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மாதம் தவறாமல் தடிமன். மூக்கால் தண்ணீராக ஓடும், தும்மல், கண்ணும் சிவந்துவிடும். பக்கத்து ஃப்ளாட் அக்கா 'அல்லியம் சேப்பா 30' என்று ஒரு சின்னப் போத்தல் உருண்டை தந்தார். கொடுத்தால் நாலைந்து நாளில் சுகமாகிறது. டொக்டரிடம் போனாலும் அவ்வளவு நாள்தான். இது உண்மையில் வேலை செய்கிறதா, இதற்குள் என்னதான் இருக்கிறது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: "டொக்டரிடம் போனாலும் அவ்வளவு நாள்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. சாதாரணத் தடிமன் வைரஸால் வருவது, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கி ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும், இருமல் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுபடும். நாங்கள் மருந்து தேடி ஓடுவது எப்போது? பிள்ளை மூக்கடைத்து இரவெல்லாம் அழுது எங்களையும் தூங்கவிடாத அந்த உச்ச நாளில். அன்றைக்கு உருண்டை கொடுத்தாலும் பாணி மருந்து கொடுத்தாலும் கொத்தமல்லித் தண்ணி கொடுத்தாலும் அடுத்தடுத்த நாள் குறையத்தான் போகிறது. பேர் மட்டும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்கு.

அல்லியம் சேப்பா வேறொன்றுமில்லை, சமையலறையில் இருக்கிற வெங்காயம்தான். வெங்காயம் வெட்டினால் மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் ஓடுகிறது, ஆகவே அப்படி ஓடுகிற தடிமனுக்கு அதே வெங்காயத்தை மிகமிகச் சிறிதாகக் கொடுத்தால் சுகமாகும் என்பது கணக்கு. முள்ளை முள்ளால் எடுப்பது. சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் டொக்டர் 1790இல் சிங்கோனாப் பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்து, மலேரியாக் காய்ச்சல் மாதிரியே தனக்கும் குணங்கள் வந்தன என்று கண்டு, அதிலிருந்து இந்தக் கொள்கையைக் கட்டினார், 1810இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் காலத்து மற்ற டொக்டர்மார் நோயாளியின் இரத்தத்தைக் கீறி இறக்கிக்கொண்டும் பாதரசத்தைக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள், அப்படிப்பட்ட நேரத்தில் சீனி உருண்டை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னவரிடம் போனவர்கள் கூடுதலாகப் பிழைத்ததில் அதிசயம் என்ன இருக்கிறது.

சரி, அந்த '30' என்றால் என்ன? ஒரு பங்கு சாற்றை 99 பங்கு அற்ககோலிலோ தண்ணீரிலோ கலந்து நன்றாகக் குலுக்குவது முதற்படி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பது இரண்டாம் படி. இப்படி முப்பது தரம். ஒரு துளி வெங்காயச் சாற்றைக் கொண்டுபோய்ப் பேரை வாவியில் விட்டு வாவி முழுவதையும் ஒன்றாகக் கலக்கினாலும் ஏழாவது படியைக்கூட எட்டாது. உயர்தரத்தில் இரசாயனம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவகாதரோ மாறிலியைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கணக்கின்படி பன்னிரண்டாவது படிக்குள்ளேயே கடைசி மூலக்கூறும் போய்விடும். முப்பதாவது படியில் வெங்காயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பொருள் போனாலும் தண்ணீருக்கு அதன் ஞாபகம் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். களனி கங்கையிலிருந்து அம்பத்தலை வழியாக எங்கள் குழாய்க்கு வருகிற தண்ணீருக்கு அப்படி ஞாபகம் இருந்தால் நாங்கள் யாரும் அதைக் குடிக்க மாட்டோம்.

கணக்கை விட்டுவிடுவோம், கொடுத்துப் பார்த்தால் என்ன நடக்கிறது? அதையும் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளின் தடிமன், இருமல் போன்ற சுவாசத் தொற்றுகளுக்கு ஹோமியோபதி கொடுத்த ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கொக்ரேன் தொகுப்பு 2018இல் வந்தது, வெறும் உருண்டையைவிட ஒழுங்கான பலன் எதையும் அது காணவில்லை. 2015இல் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுச் சபை எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தும், எந்த ஒரு நோய்க்கும் இது வேலை செய்கிறது என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. ஹோமியோபதிக்குப் பேர்போன பிரான்ஸே 2021இலிருந்து அதற்கு அரச காப்புறுதிப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

உங்கள் மகனுக்கு வருவோம். நேர்சரிப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் வரும். வளர வளரக் குறையும். உப்புநீர் மூக்குத்துளி, படுக்கப் போகும்போது ஒரு தேக்கரண்டி தேன், குடிக்க நிறைய, அவ்வளவுதான். தேன் இரவு இருமலைக் கொஞ்சம் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, உருண்டைக்கு இல்லாத ஆதாரம். அக்கா தந்த உருண்டையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொடுங்கள், நான் வந்து பறிக்க மாட்டேன். ஆனால் காய்ச்சலும் சேர்ந்தால் கொழும்பில் நாங்கள் முதலில் நினைக்கவேண்டியது டெங்கு. பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், புரூஃபன், அஸ்பிரின் பக்கமே போகவேண்டாம், மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதியுங்கள். உருண்டை கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருப்பதுதான் பயம்.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, சின்ன வயதிலிருந்தே முட்டு (ஆஸ்துமா). நீல நிறத்தில் ஒன்று, பிரவுண் நிறத்தில் ஒன்று என்று இரண்டு பம்ப் (இன்ஹேலர்) வைத்திருந்தார். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஹோமியோபதி பார்க்கப் போனோம். பம்ப் எல்லாம் ஸ்டீரொய்ட், பழக்கமாகிவிடும், அதை விட்டால்தான் என் மருந்து பிடிக்கும் என்றார் அவர். ஆரம்பத்தில் வருத்தம் கொஞ்சம் கூடுமாம், அது மருந்து வேலை செய்கிற அறிகுறியாம். இவர் பிரவுண் பம்ப்பை விட்டு இரண்டு கிழமை ஆகிறது. இப்போது விடியப்புறம் எழும்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால் "கூடினால் நல்லதுதானே" என்கிறார்.
- மனைவி, கொட்டாஞ்சேனை

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஆசிரியர் பீடத்தின் மூலம் அன்றைக்கே பதில் அனுப்பினேன்: பிரவுண் பம்ப்பை இன்றைக்கே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள், நாளைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முட்டில் இரண்டு விஷயம் நடக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் எந்நேரமும் கொஞ்சம் வீங்கிச் சிவந்து இருக்கிறது, அது எங்களுக்குத் தெரியாது. தூசியோ புகையோ தடிமனோ பட்டவுடன் குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகுகிறது, அதுதான் எங்களுக்குத் தெரிகிற இழுப்பு. நீலப் பம்ப்பில் இருக்கிற சல்பியூட்டமோல் அந்தத் தசையைச் சில நிமிடத்தில் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பிரவுண் பம்ப்பில் இருக்கிற பெக்ளோமெத்தசோன். அது மெதுவாக வேலை செய்யும், எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஆட்கள் அதை முதலில் விடுகிறார்கள். விட்டவுடனும் ஒன்றும் தெரியாது. ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துத்தான் வீக்கம் திரும்பி வரும், அதற்குள் உருண்டையைத் தொடங்கியிருப்பார்கள், முதல் கிழமை நன்றாக இருந்ததற்குப் பேர் உருண்டைக்கு, பிறகு கூடினால் அது "நல்ல அறிகுறி". இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் எந்த மருந்தும் தோற்காது. மூக்கொழுகல் கூடினால் லேஞ்சி நனையும், முட்டு கூடினால் ஆள் போய்விடலாம்.

ஸ்டீரொய்ட் என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிரவுண் பம்ப்பின் ஒரு பஃப்பில் பொதுவாக இருப்பது 100 மைக்ரோகிராம். முட்டு முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சின்ன ப்ரெட்னிசலோன் குளிசை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம், அப்படி ஆறேழு குளிசை ஒரே நாளில் கொடுப்பார்கள். பம்ப்பை ஒழுங்காக எடுப்பதே அந்தக் குளிசைக்குப் போகாமல் இருக்கத்தான். பம்ப்பிலிருந்து வருவது நேரே குழாய்க்குப் போகிறது, உடம்புக்குள் சேர்வது கொஞ்சம். எடுத்தபிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெள்ளை படிவதும் குறையும். பழக்கமாகிவிடும் என்பது பிழையான கதை. முட்டு நாட்பட்ட வருத்தம், அதனால் மருந்தும் நாட்படத் தேவைப்படுகிறது. முட்டுக்கு ஹோமியோபதி கொடுத்துச் செய்த ஆய்வுகளிலும் பம்ப்பை விட்டுவிட்டு இதை நம்பலாம் என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை.

அவருக்கு உருண்டையில் நம்பிக்கை இருந்தால் பம்ப்போடு சேர்த்து எடுக்கட்டும், சண்டை பிடிக்காதீர்கள். சண்டை பிடித்தால் ஆம்பிளைகள் பம்ப்பைத்தான் ஒளித்து வைப்பார்கள். ஆனால் ஒன்று, லேபல் இல்லாத பொடிப் பொட்டலம் எதுவும் தந்து, அதை எடுத்தவுடன் முட்டு மந்திரம் போட்ட மாதிரி நின்றால் சந்தேகப்படுங்கள். "இயற்கை மருந்து" என்று விற்ற பொடிகளில் அதே ஸ்டீரொய்டைக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பம்ப்புக்குப் பயந்து ஓடிப்போய் அளவில்லாத ஸ்டீரொய்டை விழுங்குகிற கதை.

பம்ப்பை எடுக்கிற முறையையும் கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாய்க்குள் அடித்து நாக்கைத்தான் நனைக்கிறார்கள், பம்ப்பின் வாயில் பொருத்துகிற ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டை வைத்து எடுத்தால் மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகும். காசு பிரச்சினை என்றால் அரசாங்க நெஞ்சு நோய்க் கிளினிக்குகளில் இது இலவசம். கொழும்பில் மத்திய நெஞ்சு நோய்க் கிளினிக் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலையே இருக்கிறது.

நீலப் பம்ப் எடுத்தும் நாலு மணித்தியாலம் தாங்கவில்லை, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வரும்வரை ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் நீலப் பம்ப்பை 30 முதல் 60 செக்கனுக்கு ஒரு பஃப்பாகப் பத்துவரை கொடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விடியப்புறம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டின் குணமே அது, ஆனால் படுக்கிற அறையில் நுளம்புச்சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடியும்போது வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நுளம்பு வலை போடுங்கள். சாம்பிராணியை வெள்ளிக்கிழமை அவர் வெளியில் போன நேரம் பார்த்துப் போடுங்கள், சாமி கோபிக்காது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றோடு கண்டத்துப் புகையும் கொழும்புக்கு வருகிறது, அந்த மாதங்களில் பிரவுண் பம்ப்பை விடுவது எல்லா மாதத்தையும்விட மோசம்.

கேள்வி: பேரன் மேசையில் இருந்த ஹோமியோபதிப் போத்தல் முழுவதையும் ஒரே வாயில் கொட்டிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது.
- அம்மம்மா, தெஹிவளை

பதில்: லேபலில் 30, 200 என்று இருந்தால் பேரன் சாப்பிட்டது சீனி, பல்லைத் துலக்கிவிடுங்கள் அம்மா. ஒரு போத்தலை மொத்தமாக விழுங்கினாலும் ஒன்றும் செய்யாத மருந்து நாலு உருண்டையில் என்ன செய்யும் என்றும் ஒருதரம் யோசியுங்கள்.

ஆனால் ஹோமியோபதி என்று எழுதியிருப்பதெல்லாம் வெறும் சீனி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மதர் டிங்சர்' என்று சொட்டு மருந்து வருகிறதே, அது கரைக்காத மூலிகைச் சாறு, அற்ககோலில். அதில் உண்மையாகவே சரக்கு இருக்கும். ஆடாதோடை டிங்சர் இருமலுக்குக் கொடுப்பார்கள், அந்த இலையில் இருக்கிற வசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் பாமசியில் விற்கிற ப்ரொம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உண்டாக்கினார்கள், ஆகவே அது வேறு கதை, அதை மூலிகை மருந்து என்று நினைத்து அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டும். சின்னப் பிள்ளைக்கு அற்ககோல் சொட்டு வேண்டவே வேண்டாம். குறைந்த வீரியத்தில், அதாவது சில தரம் மட்டும் கரைத்து, வருகிற பெல்லடோனா, ஆர்செனிக் போன்றவையும் அப்படித்தான், இரண்டுமே நஞ்சு. அமெரிக்காவில் பல் முளைக்கிற பிள்ளைகளுக்கென்று விற்ற ஹோமியோபதிக் குளிசைகளில் பெல்லடோனா அளவு ஒழுங்கில்லாமல் இருந்ததாக 2017இல் அவர்களின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. அதற்கு முன்னர், 2009இல், தடிமனுக்கு ஹோமியோபதி என்று விற்ற துத்தநாக மூக்கு ஜெல்லைப் பாவித்து மணம் தெரியாமல் போனவர்கள் பலர் என்று அதே நிறுவனம் அறிவித்தது. போத்தலை உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63. நாலு மாதமாக வறட்டு இருமல், தொண்டையில் மயிலிறகால் தடவுவதுபோல் இருக்கிறதாம், சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ட்ரொசெரா, பிறகு ரூமெக்ஸ், பிறகு ப்ரையோனியா என்று மாறிமாறிக் கொடுத்தாயிற்று. பிறஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை எடுக்கிறா, வேறு வருத்தம் இல்லை.
- மகள், மட்டக்குளி

பதில்: நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் பிறஷர்க் குளிசையின் பெயரைப் பாருங்கள். எனலப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' இல் முடிகிறதா? அந்தக் குடும்பத்து மருந்துகள் நல்ல மருந்துகள், ஆனால் எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கு நீங்கள் எழுதிய அதே இருமலைக் கொடுக்கும், அதே தொண்டைச் சுரண்டல், அதே சளியில்லா வறட்சி. குளிசையைத் தொடங்கி சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. அம்மாவாக நிறுத்தக்கூடாது, பிறஷர் ஏறிவிடும். கிளினிக் டொக்டரிடம் "இருமுகிறது" என்று சொன்னால் போதும், லொசாட்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றிவிடுவார். மாற்றியபிறகு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை எடுக்கும். அந்த இடைவெளியில் யாராவது நாலாவது உருண்டை ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்குத்தான் மாலை விழப்போகிறது, போகட்டும்.

குளிசை 'ப்ரில்' இல்லையென்றால் வேறு காரணம் தேடவேண்டும், நெஞ்செரிவு, முட்டின் ஒரு வகை, இப்படிப் பல. எந்தக் காரணமாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடவேண்டும், ஏனென்றால் காசநோய் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை, நாட்டிலேயே கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுவது கொழும்பு மாவட்டத்தில்தான். பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். நாலு மாதம் இருமிக்கொண்டிருந்த ஒருவரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லாமல் உருண்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தவர் மேல் எனக்குக் கோபம்தான், அவர் எந்த வைத்தியமுறையைப் படித்திருந்தாலும்.

கேள்வி: ஹோமியோபதி எடுக்கும்போது கோப்பி, வெங்காயம், சித்தாலேபத் தைலம் எல்லாம் தவிர்க்கவேண்டுமாமே?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: அவர்களின் விதி அது. வெங்காயத்திலிருந்து செய்த மருந்தை எடுக்கும்போது வெங்காயம் சாப்பிடக்கூடாது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோப்பியைக் குடியுங்கள்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் ஆர்செனிக்கம் ஆல்பம் 30 எடுத்தால் வராது என்று இந்தியாவிலிருந்து செய்தி வந்தது, எங்கள் வீட்டில் எல்லோரும் எடுத்தோம். இப்போது இன்ஃபுளுவென்சாவுக்கும் அதையே எடுக்கலாமா?
- மாணவி, வத்தளை

பதில்: 2020 ஜனவரி கடைசியில் பாரம்பரிய, மாற்று வைத்தியங்களைக் கவனிக்கிற இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு அப்படி ஆலோசனை சொன்னது உண்மை. அதற்குப் பிறகு இந்தியாவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும் தங்கச்சி. இன்ஃபுளுவென்சாவுக்கு வருடாவருடம் போடுகிற தடுப்பூசி இருக்கிறது, வீட்டில் வயதானவர்கள், முட்டுக்காரர், சர்க்கரை வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் டொக்டரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் இங்கிலீஷ் வைத்தியர்கள் மற்ற வைத்தியத்தை மட்டம்தட்டுவது புதிதல்ல. ஹோமியோபதிக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, சபை இருக்கிறது. பொய்யென்றால் அரசாங்கம் ஏன் அனுமதிக்கிறது? எனக்கு முப்பது வருடப் பீனிசம், உங்கள் ஆட்களிடம் மாறாதது அங்கேதான் மாறியது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், செட்டியார் தெரு

பதில்: ஐயா, சட்டம் இருப்பது சரி. 1970இலேயே ஹோமியோபதிச் சட்டம் வந்தது, 2016இல் புதுச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் யார் வைத்தியம் பார்க்கலாம், யார் பதியவேண்டும் என்பதைத்தான் சொல்கிறது, உருண்டை பீனிசத்தை மாற்றுமா என்பதைப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தித் தீர்மானிக்க முடியாது. சட்டத்தால் ஒரு நன்மை உண்டு, அதை நானும் சொல்வேன்: போவதென்றால் பதிவு பெற்றவரிடம் போங்கள், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

உங்கள் பீனிசம் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வாமை மூக்கு வயதோடு தணிவது உண்டு, வீடு மாறினால் தணியும், மெத்தையை மாற்றினால் தணியும், கூடிக் குறைவது அதன் இயல்பு. இன்னொரு காரணமும் இருக்கலாம். மூக்கடைப்புக்குப் பாமசியில் வாங்குகிற சைலோமெட்டசோலின் சொட்டை ஒரு கிழமைக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும், பலர் வருடக்கணக்கில் அந்தச் சுழலில் கிடக்கிறார்கள். ஹோமியோபதிக்காரர் "மற்ற மருந்தெல்லாம் நிறுத்து" என்று சொல்லும்போது அந்தச் சொட்டும் நிற்கிறது, மூக்கும் திறக்கிறது. அப்படி நடந்திருந்தால் அவர் சொன்னது நல்ல ஆலோசனைதான், உருண்டை இல்லாமலும் அது பலித்திருக்கும்.

அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்று, நானே எழுதுகிறேன். ஓபிடியில் மூன்று நிமிடத்தில் துண்டு எழுதி அனுப்புகிறோம், முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அங்கே போனால் ஒரு மணித்தியாலம் உட்காரவைத்து எந்தப் பக்கம் படுப்பீர்கள், என்ன கனவு வரும், உப்புப் பிடிக்குமா புளி பிடிக்குமா என்று கேட்கிறார்கள். வருத்தக்காரனுக்கு அதுவே பாதிச் சுகம். அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கள் கிளினிக்குகளில் கொடுக்க முடிந்தால் இந்தப் பகுதிக்கு இவ்வளவு கடிதம் வராது. ஆனால் அன்பாகக் கேட்டார் என்பதற்காக முட்டுக்கும் காசநோய்க்கும் நியுமோனியாவுக்கும் அவர் தருவதை நம்ப முடியாது, தடிமனுக்கும் பீனிசத்துக்கும் உங்கள் இஷ்டம், ஐயா.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாக இருமல், நெஞ்சில் கரகரவென்று சத்தம். மாமி இபிகாக் 30 கொடுக்கச் சொல்கிறா. இரவில் ஆவி பிடிக்கவைத்து, கற்பூரம் போட்ட எண்ணெயும் தடவுகிறோம். பால் கொஞ்சம் குறைவாகக் குடிக்கிறான்.
- இளம் தாய், ஹெந்தளை

பதில்: மாமியின் உருண்டையைப் பற்றி இப்போது பேச நேரமில்லை, முதலில் எண்ணெயையும் ஆவியையும் நிறுத்துங்கள். கற்பூரம் குழந்தையின் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம், ஆவிப் பாத்திரம் சரிந்து வெந்துபோன குழந்தைகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். தேனும் ஒரு வயதுவரை கூடாது, தொட்டுக்கூட வைக்காதீர்கள்.

குழந்தை தூங்கும்போது அல்லது அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, உலக சுகாதார நிறுவனம் நியுமோனியாவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற அளவு இது. (இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40.) மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழி விழுகிறதா, மூக்குச் சிறகு விரிகிறதா, முனகுகிறானா என்றும் பாருங்கள்.

இது எதுவும் இல்லாமல், சிரித்து விளையாடிக்கொண்டு, பாலும் ஓரளவு குடித்தால் உப்புநீர்ச் சொட்டு மூக்குக்கு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுத்து, நாளைக்கு டொக்டரிடம் காட்டலாம். பால் பாதிக்கு மேல் குறைந்தாலோ, எண்ணிக்கை 50ஐத் தொட்டாலோ, குழி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ராகமைப் பெரியாஸ்பத்திரிதான் உங்களுக்குக் கிட்ட, இல்லையென்றால் பொரளை லேடி ரிஜ்வே. மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், குழந்தையைத் தூக்க இன்னொரு கை தேவைப்படும்.